துளி இனிப்பும் இல்லாத குமிழி வைன்: கொழும்பு வீட்டில் சுவைத்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டில் ஆறு பேர் கூடி ஒரு போத்தலைத் திறந்தோம். பிரான்சின் லுவார் பக்கத்தில், தன் தோட்டத்துத் திராட்சையைத் தானே பறித்துத் தானே வைனாக்குகிற ஒரு சின்னத் தோட்டக்காரருடையது. முதல் மிடறு விழுங்கியதும் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "அண்ணை, இது புளிச்சுப்போச்சு." அடுத்தவர், "கள்ளு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்லட் தட்டை இழுத்தார்.

வைனில் பிழை இருக்கவில்லை. பிழையெல்லாம் என்னுடையது. போத்தலைப் போதிய அளவு குளிரவைக்கவில்லை, அடியில் கிடந்த மண்டியைக் கலக்கிவிட்டேன், வந்தவர்களுக்கு முதலில் இனிப்புத் தேத்தண்ணி வேறு கொடுத்திருந்தேன். அதற்குப் பிறகு பல தடவை இதைச் செய்து, புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து, ஒழுங்கை மாற்றி மாற்றிப் பிடித்த முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒழுங்கைக் குழப்ப வேண்டாம். ஒரு படியில் விட்ட பிழை அந்தப் படியில் தெரியாது, மூன்று படி தள்ளி வாயில்தான் தெரியும்.

1. வாங்கும் முன் லேபிளை வாசியுங்கள்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வைன் பேச்சில் டிரை என்றால் சீனி இல்லை என்பது மட்டுமே பொருள். வாய் வறள்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வாயை வறளவைப்பது துவர்ப்பு, அது வேறு கதை.

ஐரோப்பியக் குமிழி வைன்களில் இனிப்பின் அளவு லேபிளில் சொல்லால் இருக்கும். ப்ரூட் நேச்சர் என்றால் லீற்றருக்கு 3 கிராமுக்குக் குறைந்த சீனி, அதுவும் கடைசியில் சீனி சேர்க்காமல். எக்ஸ்ட்ரா ப்ரூட் 6 கிராம் வரை. ப்ரூட் 12 கிராமுக்குக் கீழே. எக்ஸ்ட்ரா டிரை 12 முதல் 17 வரை. ஆம், எக்ஸ்ட்ரா டிரை என்பது ப்ரூட்டை விட இனிப்பானது. பெயரைப் பார்த்து ஏமாந்து அதை வாங்கி வருகிறவர்களை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். உங்களுக்கு வேண்டியது ப்ரூட் நேச்சர். சில போத்தல்களில் ஸீரோ டொஸாஜ், பா டொஸே, நொன் டொஸே என்றும் இருக்கும், எல்லாம் ஒன்றுதான்.

3 கிராம் எவ்வளவு? 750 மில்லிலீற்றர் போத்தல் முழுவதிலும் அதிகபட்சம் இரண்டேகால் கிராம், அரைத் தேக்கரண்டியை விடக் கொஞ்சம் கூட. இங்கே குளிர்பானப் போத்தல்களில் சீனிக்கு நிறப்புள்ளி போடுகிறார்களே, அதில் பச்சைப் புள்ளி என்றாலே 100 மில்லிக்கு 2 கிராமுக்குக் குறைவு. ப்ரூட் நேச்சரில் அது 0.3 கிராம் கூட இல்லை. நம் நாக்கு பழகியிருக்கும் இடத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, செய்முறை. பெட்-நாட், அல்லது மெத்தோட் அன்செஸ்ட்ரால் என்று இருந்தால், முதல் நொதித்தல் முடியும் முன்பே போத்தலில் அடைத்து, மிச்ச நொதித்தலைப் போத்தலுக்குள்ளேயே முடித்தது. பெரும்பாலும் சோடாப் போத்தல் மூடிதான் போட்டிருக்கும், அடியில் மண்டி இருக்கும். ஷாம்பெய்ன் முறை என்றால் முடிந்த வைனுக்குச் சீனியும் மதுவமும் சேர்த்துப் போத்தலில் இரண்டாம் தடவை நொதிக்கவிட்டு, பிறகு மண்டியை வெளியே எடுத்திருப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: எல்லாப் பெட்-நாட்டும் டிரை அல்ல. சிலவற்றில் நொதித்தல் பாதியில் நின்று சீனி மிஞ்சியிருக்கும். கடைக்காரரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் லேபிளில் மதுசார அளவைப் பாருங்கள். 11, 12 வீதம் என்றால் சீனி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். 8, 9 என்றால் இனிப்புக்கு ஆயத்தமாக இருங்கள்.

சின்னத் தோட்டக்காரர்தானா என்று அறிய ஷாம்பெய்ன் லேபிளில் ஒரு வழி உண்டு. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு இலக்கம், அதன் முன்னால் இரண்டு எழுத்து. ஆர்எம் என்றால் தன் திராட்சையில் தானே செய்தவர். என்எம் என்றால் வெளியாரின் திராட்சையையும் வாங்கிச் செய்யும் நிறுவனம்.

சில போத்தல்களில் 'இயற்கை' வைன் என்றும் இருக்கும். அந்தச் சொல்லுக்கு உலகம் முழுக்க ஒரே சட்டம் இல்லை. பிரான்சில் 2020 முதல் வேன் மெத்தோட் நத்யூர் என்ற ஒரு சாசனம் உண்டு: செயற்கை இரசாயனம் இல்லாமல் வளர்த்த பழம், கையால் பறிப்பு, காற்றிலும் பழத் தோலிலும் இருக்கிற மதுவம், சல்பைட் (வைன் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகப் பொருள்) ஒன்றுமே சேர்க்காமல் அல்லது மொத்தம் லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்குள். சல்பைட் சேர்க்காத வைனிலும் 'சல்பைட் உண்டு' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நொதிக்கும்போது மதுவமே கொஞ்சம் உண்டாக்கும். 10 மில்லிகிராமைத் தாண்டினால் எழுதியே ஆக வேண்டும்.

2. நாளைக் குறித்து, போத்தலை வெயிலில் காட்டாமல் கொண்டுவாருங்கள்

நாள்காட்டியைப் பாருங்கள். போயா தினத்தில் விற்பனை கிடையாது, 21 வயது ஆகாதவருக்கு எந்த நாளிலும் கிடையாது. நம் ஊரில் வைன் ஸ்டோர்ஸ் என்று பலகை மாட்டியிருக்கும் கடையில் சாராயமும் பியரும்தான் இருக்கும், இந்தப் போத்தலை அங்கே தேடி அலைய வேண்டாம். இறக்குமதி வைனைத் தனியாக விற்கிற இடங்களில் கேட்கலாம், இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வருகிற மாமாவிடம் சொல்லிவைக்கலாம். என் அனுபவத்தில் மாமா வழிதான் நம்பகமானது.

கடையில் கண்ணாடி யன்னலோரம் வெளிச்சத்தில் நிற்கும் போத்தலை எடுக்காதீர்கள், அதிலும் நிறமில்லாத கண்ணாடிப் போத்தலைத் தொடவே வேண்டாம். வெளிச்சம் பட்டால் வைனில் கந்தக வாடை உண்டாகும், அவித்த கோவா மாதிரி. ஒருமுறை அப்படி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி, திறந்த கையோடு சிங்க்கில் ஊற்றினேன்.

வரும் வழியில் சூடு ஏறக்கூடாது. ஷாம்பெய்ன் முறைப் போத்தலுக்குள் 20 பாகையில் ஏறக்குறைய 5, 6 பார் அமுக்கம் இருக்கும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். சூடு ஏற ஏற அமுக்கமும் ஏறும். சீனி மிஞ்சிய பெட்-நாட் என்றால் இன்னும் சிக்கல்: உள்ளே உயிரோடு இருக்கிற மதுவம் சூட்டில் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். ஒரு ஐஸ் பையில் போட்டு நேராக வீட்டுக்கு வாருங்கள். நிறுத்தி வைத்த காருக்குள் விட்டுவிட்டுச் சாமான் வாங்கப் போக வேண்டாம்.

வீட்டிலும் அலுமாரிக்குள் ஒளித்து வைத்தால் போதாது, கொழும்பில் அலுமாரிக்குள்ளும் 30 பாகைதான். சில வாரங்களுக்கு என்றால் பிரிட்ஜின் கீழ்த்தட்டே நல்லது.

3. முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள்

பெட்-நாட் என்றால் குறைந்தது 24 மணித்தியாலம் பிரிட்ஜில் நிமிர்ந்து நிற்கட்டும், அசைக்க வேண்டாம். மண்டி அடியில் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். பிரிட்ஜின் கதவில் வைத்தால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் குலுங்கும், அதனால் உள்தட்டில் வையுங்கள்.

மண்டி கெட்ட பொருள் அல்ல, நொதித்து முடித்து இறந்த மதுவம்தான். ஆனால் கலங்கிய மண்டி இரண்டு வேலை செய்யும்: சுவையை மூடும், திறக்கும்போது வாயுவைக் கிளப்பிவிட்டு அரைப் போத்தலைத் தரையில் ஊற்றும்.

4. நாக்குக்குத் தேசிக்காய்ப் பயிற்சி

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், புதியவருக்கு இதைவிட உதவும் படி வேறில்லை. புதியவர்களின் முதல் குழப்பம் புளிப்பையும் இனிப்பின்மையையும் ஒன்றாக நினைப்பது. இரண்டையும் நாக்கில் பிரித்துக் காட்ட சமையலறையிலேயே வழி இருக்கிறது.

இனிப்பில்லாத சோடா ஒரு லீற்றர் வீதம் மூன்று போத்தல் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தேசிக்காய்ச் சாறு, மூன்று மேசைக்கரண்டி போதும். முதலாவதில் சீனி வேண்டாம். இரண்டாவதில் ஒரு மட்டத் தேக்கரண்டி சீனி, மூன்றாவதில் மூன்று. மட்டத் தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம், ஆகவே இரண்டாவது எக்ஸ்ட்ரா ப்ரூட் அளவு, மூன்றாவது ப்ரூட்டின் மேல் எல்லை. சீனியை நேராகச் சோடாவில் கொட்டினால் பொங்கி வழியும். கொஞ்சத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

மூன்றையும் வரிசையாகக் குடியுங்கள். மூன்றிலும் புளிப்பு ஒன்றே. ஆனால் மூன்றாவது மெதுவாகத் தெரியும், முதலாவது நாக்கின் ஓரத்தைக் கிள்ளும். சீனி புளிப்பைக் குறைப்பதில்லை, மூடி வைக்கிறது. ப்ரூட் நேச்சர் குடிக்கும்போது அந்த மூடி இல்லை. இதை ஒருமுறை வாயால் அறிந்தவர் பிறகு 'புளிச்சுப்போச்சு' என்று சொல்வதில்லை.

இன்னொரு கோப்பையில் பாலும் சீனியும் இல்லாத பிளேன்டீ, பத்து நிமிடம் ஊறவிட்டது. குடித்ததும் ஈறு இறுகுகிறதே, அதுதான் துவர்ப்பு. திராட்சைத் தோலோடு ஊறிய வைன்களில் இது வரும். புளிப்பு எச்சிலை ஊறவைக்கும், துவர்ப்பு எச்சிலை வற்றவைக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தப் பயிற்சியைச் சுவைக்கும் நாளுக்கு முதல் நாள் செய்யுங்கள். அன்றே செய்தால் நாக்கு களைத்துவிடும்.

5. அறையும் கிளாஸும்

நுளம்புத்திரி கொளுத்தக்கூடாது. சாம்பிராணி, ஊதுபத்தி, பக்கத்து வீட்டு மீன் பொரியல் எல்லாம் எதிரிகள்தான். பொரியலை நிறுத்தச் சொல்ல முடியாது, யன்னலை மூடலாம். நுளம்புக்குப் பயந்தால் காலுக்கு எண்ணெய் பூசாமல் சப்பாத்து, நீளக் கால்சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வாசனைத் திரவியம் அடித்து வருகிற நண்பரை யன்னலோரம் இருத்துங்கள்.

சுழலும் மின்விசிறியை மணக்கும் நேரத்தில் நிறுத்துங்கள். கிளாஸுக்கு மேலே நிற்கிற மணத்தை விசிறி அள்ளிக்கொண்டு போய்விடும். இதைச் சொன்னால் எல்லோரும் வியர்த்தபடி என்னை முறைக்கிறார்கள், பரவாயில்லை, இரண்டு நிமிடம்தானே.

கிளாஸ் நீளக் குழாய் மாதிரி ஒடுங்கியதாக வேண்டாம், தட்டையான அகலக் கிண்ணமும் வேண்டாம். ஒடுங்கியதில் மூக்கு நுழையாது, அகலமானதில் வாயுவும் மணமும் உடனே பறந்துவிடும். நடு பருத்து வாய் ஒடுங்கிய சாதாரண வெள்ளை வைன் கிளாஸ் நன்றாக இருக்கும்.

கழுவுவதில் கவனம் வேண்டும். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் மிஞ்சியிருந்தால் குமிழி எழாது. சுடுதண்ணீரில் அலசி, சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். கிளாஸில் குமிழிகள் எழும் இடங்கள் பெரும்பாலும் துணியோ தூசியோ விட்டுப்போன நுண்ணிய நார்கள்தான். ரைம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் இதை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார். குமிழி குறைவாக எழுந்தால் வைனைக் குறை சொல்லும் முன் கிளாஸை மாற்றிப் பாருங்கள்.

6. குளிரவைத்தல்: கொழும்புக்கு வேறு கணக்கு

நல்ல சின்னத் தோட்டத்து வைனை 8 முதல் 10 பாகையில் குடிக்கலாம். அதைவிடக் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும், புளிப்பு மட்டும் குத்தும். சூடேறினால் வாயு கட்டுப்பாடில்லாமல் வெளியேறி வாயெல்லாம் நுரை.

நம் பிரிட்ஜ் ஏறக்குறைய 4, 5 பாகையில் இருக்கும். ஐரோப்பியர் எழுதுவதைப் பார்த்து, பரிமாறுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே வெளியே எடுத்து வைக்காதீர்கள். 30 பாகை அறையில், வியர்வை வழிகிற போத்தல் வேகமாகச் சூடேறும். நான் செய்வது: நேராகப் பிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறப்பேன், கிளாஸில் ஊற்றியதும் அது தானாக 8 பாகைக்கு வரும்வரை சில நிமிடம் விடுவேன். போத்தல் ஐஸ் வாளிக்குப் போகும்.

வாளியில் வெறும் ஐஸ் கட்டி போட்டால் போதாது. கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், காற்று குளிரைச் சரியாகக் கடத்தாது. பாதி ஐஸ், பாதி தண்ணீர். பிரிட்ஜில் வைக்க மறந்த போத்தலும் இதில் 25, 30 நிமிடத்தில் ஆயத்தமாகிவிடும். மண்டியுள்ள போத்தலை மட்டும் வாளிக்குள் சுழற்றாதீர்கள். உறைபெட்டியில் வைத்துவிட்டு மறந்துபோவது இன்னொரு வழக்கமான பிழை. உறைந்து விரிந்தால் போத்தல் வெடிக்கும்.

கிளாஸில் ஒரு தடவைக்கு 60 மில்லி மட்டும். நிறைய ஊற்றினால் பாதி குடிக்கும்போது மீதி சூடாகிவிடும்.

7. திறத்தல்

தக்கை போட்டதென்றால்: மேல்தாளைக் கிழித்து, பெருவிரலால் தக்கையை அழுத்திக்கொண்டே கம்பி வளையத்தைத் தளர்த்துங்கள். கம்பியைத் தளர்த்திய கணத்திலிருந்து கையை எடுக்கக்கூடாது. போத்தலை 45 பாகை சாய்த்து, ஆள் இல்லாத பக்கமாகத் திருப்பி, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு போத்தலைச் சுற்றுங்கள். தக்கையைச் சுற்றினால் அது உடையலாம், பிடியும் நழுவும். 'டப்' என்று வெடித்தால் நண்பர்கள் கைதட்டுவார்கள், வாயு போய்விடும். பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தால் சரி.

சோடா மூடி என்றால் பலரும் அசட்டையாக இருக்கிறார்கள். பெட்-நாட்டில் அமுக்கம் போத்தலுக்குப் போத்தல் மாறும், ஏனெனில் அடைத்த அன்று எவ்வளவு சீனி மிஞ்சியிருந்ததோ அவ்வளவு வாயு. லீற்றருக்கு 4 கிராம் சீனி நொதித்தால் ஏறக்குறைய 1 பார் அமுக்கம் வரும். ஆகவே சிங்க்கின் மேலே வைத்துத் திறவுங்கள். மூடியின் ஒரு பக்கத்தை மட்டும் மெல்ல நெம்பி, 'ஸ்ஸ்' என்று வரவிட்டு, நுரை ஏறினால் உடனே அழுத்திப் பிடித்து, தணிந்ததும் மறுபடி. ஐந்து நிமிடம் எடுத்தாலும் பரவாயில்லை. பொங்கி வரும் என்று தோன்றினால் ஒரு பெரிய ஜாடியைப் பக்கத்தில் வையுங்கள், சிந்துவதைக் குடிக்கலாம்.

8. ஊற்றுவதும் பார்ப்பதும்

கிளாஸைச் சாய்த்து, பியர் ஊற்றுவது போல ஓரத்தில் வழியவிடுங்கள். நேராக நடுவில் ஊற்றினால் காபனீரொட்சைட்டு அதிகம் வெளியேறிவிடும்.

மண்டியுள்ள போத்தல் என்றால் எல்லோருக்கும் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் போத்தலை நிமிர்த்தி நிமிர்த்திச் சாய்த்தால் மண்டி கலங்கும். கடைசி ஒரு கிளாஸ் அளவைப் போத்தலிலேயே விட்டுவையுங்கள், அது பிறகு வேண்டும்.

பார்ப்பதில் பெரிய விஷயமில்லை. கலங்கல் இந்த வகை வைனில் குறையல்ல. குமிழி பெரிதா சிறிதா என்று ஆராய்ந்து தரம் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

9. மணம்: இரண்டு தடவை

முதலில் கிளாஸை ஆட்டாமல் ஒரு சின்ன முகர்வு. மூக்கை ஆழ நுழைத்தால் வாயு குத்தித் தும்மல் வரும். பிறகு மெல்ல ஒரு சுற்று சுற்றி மறுபடி.

திறந்த உடனே தீக்குச்சி உரசிய மாதிரியோ முட்டை மாதிரியோ ஒரு வாடை வந்தால் பயப்பட வேண்டாம். காற்றுப்படாமல் அடைந்து கிடந்த வைனில் இது வழக்கம், பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் பறந்துவிடும். அதற்குப் பிறகு அப்பிள், தோடம்பழத் தோல், சூன்பாண் வண்டியின் பெட்டி திறந்ததும் வருகிற பாண் வாசம் என்று ஒவ்வொன்றாக வரும். பாண் வாசம் மதுவத்தோடு நீண்டகாலம் கிடந்ததால் வருவது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழ மணம் வந்ததும் மூளை இனிப்பை எதிர்பார்க்கும். வாயில் இனிப்பில்லை என்றதும் ஏமாந்த உணர்வு வரும். மாம்பழ வாசத்தை நம்பி மாங்காயைக் கடித்த மாதிரி. இது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

10. மூன்று மிடறு

முதல் மிடறில் ஒன்றும் தீர்மானிக்க வேண்டாம். அது வாயைக் கழுவ மட்டும். அதுவரை இருந்த எச்சிலும் தேத்தண்ணியும் போகட்டும். அரை மணித்தியாலத்துக்கு முன் இனிப்பு எதுவும் சாப்பிட்டிருக்கக்கூடாது. இனிப்பு பட்ட நாக்குக்கு எந்த டிரை வைனும் வினாகிரிதான்.

இரண்டாவது மிடறை வாயில் ஐந்து நொடி வைத்திருங்கள். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குத்துவது வாயுவா புளிப்பா? வாயுவின் குத்தல் நாக்கின் நடுவில் வந்து உடனே போய்விடும், புளிப்பு தாடையோரத்தில் நின்று எச்சிலை ஊறவைக்கும். ஈறு இறுகுகிறதா? அப்படியென்றால் துவர்ப்பும் இருக்கிறது. வாயின் நடுவே ஏதாவது பாரம் இருக்கிறதா, இல்லை தண்ணீர் மாதிரி வெறுமையா? எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் பெரியது. சீனி போட்ட வைனில் வெறுமையைச் சீனி நிரப்பிவிடும். சீனி இல்லாததில் அந்த இடத்தைப் பழம்தான் நிரப்ப வேண்டும், பழம் பழுக்காமல் பறிக்கப்பட்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது மிடறை விழுங்கிவிட்டு, அல்லது துப்பிவிட்டு, மனதுக்குள் எண்ணுங்கள். சுவை எத்தனை நொடி நிற்கிறது, எப்படி முடிகிறது? சுத்தமாக முடிகிறதா, கசக்கிறதா, வேறு ஏதாவது எட்டிப்பார்க்கிறதா?

இதையெல்லாம் எழுதும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. 'கள்ளு' என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேர் வாயிலும் கள்ளுதான். அந்த ஒப்பீடு பிழையென்று சொல்லவில்லை. இரண்டிலும் யாரும் கொண்டுவந்து போடாத மதுவம், கலங்கல், உயிருள்ள புளிப்பு எல்லாம் உண்டு. ஆனால் அதை இருபது நிமிடம் கழித்துச் சொல்லட்டும்.

பிறகு கிளாஸை அப்படியே பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி குடியுங்கள். குளிரும் வாயுவும் இறங்கிய பிறகு மிஞ்சுவது வைன். அவசரக்காரர் இங்கேதான் தவறவிடுகிறார்கள், முதல் குளிரிலேயே குடித்து முடித்துவிடுகிறார்கள்.

11. பழுதா, இயல்பா?

சல்பைட் குறைந்த வைனில் பழுது வர வாய்ப்பு அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை. 'இயற்கை' என்று எழுதியிருக்கிறதே என்று பழுதடைந்ததையும் பாராட்டிக் குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே நேரம் இயல்பான கலங்கலைப் பழுது என்று ஊற்றுகிறவர்களும் உண்டு.

வினாகிரி, கியூடெக்ஸ் துடைக்கிற திரவம் மாதிரி வாடை: மெல்லியதாக இருந்தால் சகிக்கலாம், மூக்கைப் பிடுங்கினால் பழுது. வெட்டி வைத்துப் பழுப்பேறிய அப்பிள்: காற்றுப்பட்டது. சிலர் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள், கொஞ்சம் இருந்தால் நன்றாகவே இருக்கும். மாட்டுக்கொட்டில், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர்: பிரெட்டனோமைசிஸ் என்ற மதுவத்தின் வேலை. மழையில் நனைந்த காட்போட் பெட்டி: தக்கையின் பழுது, திருப்பிக் கொடுக்கலாம்.

எல்லாவற்றிலும் தந்திரமானது எலி வாடை. இதை மூக்கால் பிடிக்க முடியாது. கிளாஸில் நன்றாக மணக்கும், வாயிலும் நன்றாக இருக்கும், விழுங்கி பத்து, இருபது நொடி கழித்து எலிக்கூட்டு நாற்றமும் பழைய சோளப்பொரி நெடியும் தொண்டையிலிருந்து ஏறும். காரணம் இது: வைனின் புளிப்பில் அந்தப் பொருட்கள் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். நம் எச்சிலில் புளிப்பு குறைவு, அது கலந்ததும் ஆவியாகி மூக்கின் பின்பக்கமாக ஏறும். வைனில் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து மணந்து பாருங்கள், தோலிலும் அதே மாதிரி வெளிப்படும். எல்லோருக்கும் இது தெரியாது. ஒருவர் முகம் கோண, பக்கத்திலிருப்பவர் ரசித்துக் குடிப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எலி வாடைக்குக் காரணமான பொருட்களில் ஒன்றுதான் ரம்பை இலைக்கும் பாஸ்மதி அரிசிக்கும் வாசம் தருவது. கறியில் தேடிப் போடுகிறோம், வைனில் ஓடுகிறோம். நம்மவர் சிலர் விழுங்கியபின் ஏறுகிற அந்த நெடியை 'ரம்பை மாதிரி' என்று சொன்னபோது நான் சிரித்தேன், பிறகு வாசித்தபோதுதான் அவர்கள் நாக்கு எவ்வளவு சரி என்று தெரிந்தது.

திறந்த உடனே எலி வாடை இல்லாமல், கொஞ்ச நேரம் கழித்து வருவதும் உண்டு. அதற்காகவும்தான் முந்தைய படியில் பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னேன்.

12. சாப்பாடு கடைசியில்

சுவைத்து முடித்து எழுதிய பிறகுதான் தட்டுகள் வர வேண்டும். உப்பும் எண்ணெயும் இந்த வைனுக்கு உறவு. உப்பு புளிப்பின் கூர்மையைத் தணிக்கும், புளிப்பும் வாயுவும் எண்ணெயை வாயிலிருந்து கழுவும். வறுத்த கஜு, முறுக்கு, மீன் கட்லட், காலிமுகத்திடலில் விற்கிற இறால் வடை எல்லாம் பொருந்தும். வடைக்கு மேலே போடுகிற மிளகாய்ச் சம்பலை மட்டும் வழித்துவிடுங்கள். உறைப்பு எரிந்துகொண்டிருக்கும் வாயில் வாயுவும் மதுசாரமும் பட்டால் எரிவு இரட்டிப்பாகும். வாயைத் தணிக்கச் சீனியும் இல்லை.

தொதல், வட்டிலப்பம் இருந்தால் போத்தல் முடிந்த பிறகு. துப்புவதற்கு ஒரு ஜாடி, குடிக்கத் தண்ணீர், வீட்டுக்குப் போக முச்சக்கரவண்டி. சாவியை வாசலிலேயே வாங்கி வைப்பது என் வழக்கம்.

13. மிஞ்சியது

போத்தல் வாயில் கரண்டியைத் தொங்கவிட்டால் வாயு போகாது என்பது வெறும் கதை. குமிழி வைனுக்கென்று விற்கிற இறுக்கு மூடி ஒன்று வாங்குங்கள், பிரிட்ஜில் ஒரு நாள் தாங்கும்.

முன்பு போத்தலில் விட்டுவைக்கச் சொன்ன கடைசிக் கிளாஸை இப்போது எடுங்கள். போத்தலை மெல்ல உருட்டி மண்டியைக் கலக்கி ஊற்றுங்கள். பாலாகக் கலங்கியிருக்கும். முதல் ஊற்றில் கிடைத்த தெளிந்த வைனோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்: பாண் வாசம் கூடியிருக்கும், புளிப்பின் கூர் மழுங்கியிருக்கும், வாயில் கொஞ்சம் மாப்போலத் தெரியும். சிலர் இதுதான் நல்லது என்பார்கள். நான் தெளிந்த பக்கம்.

அதற்கும் பிறகு மிஞ்சிய மண்டியை ஒருமுறை அப்ப மாவில் ஊற்றினேன். கள்ளு ஊற்றிப் புளிக்கவைப்பதில்லையா, இதுவும் மதுவம்தானே என்று ஒரு கணக்கு. மா அவ்வளவாகப் பொங்கவில்லை. அம்மாவிடம் பேச்சு மட்டும் விழுந்தது.